அந்தமானா, மாலத்தீவா, யாழ்ப்பாணமா? தீவை எண்ணாதீங்க, ரூம் மாறுவதை எண்ணுங்க



சங்கரன்கோவிலில் என் ஆபீஸுக்கு வருகிற சம்பளக்காரப் பசங்க கேட்கிற கேள்வி மாதத்துக்கு மாதம் மாறும். மார்ச் வரைக்கும் "சார், 80சி-ல இன்னும் எவ்வளவு போடலாம்?" அப்ரைசல் முடிந்து இன்க்ரிமென்ட் கைக்கு வந்ததும், "சார், ஒரு தீவு டிரிப் போகணும். அந்தமான் போலாமா, மாலத்தீவு போலாமா? எத்தனை தீவு கவர் பண்ணலாம்?"

இதை ஏன் ஆடிட்டரிடம் கேட்கிறார்கள் என்று சிலர் சிரிக்கலாம். என்னைக் கேட்டால், கேட்கத்தான் வேண்டும். கல்யாணம், வீடு, வண்டி, ஆஸ்பத்திரி இதெல்லாம் போக, ஒரு சம்பளக்காரர் ஒரே வாரத்தில் செய்கிற பெரிய செலவு பெரும்பாலும் இதுதான். அதோடு இன்னொரு சொத்தும் கரைகிறது: உங்கள் லீவு. பணம் அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி வந்துவிடும். போன லீவு வராது.

அந்தக் கேள்வியில் "எத்தனை தீவு" என்ற பாதிதான் தப்பு. என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். எத்தனை தீவு பார்க்கலாம் என்று எண்ணாதீங்க. எத்தனை தடவை ரூம் மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணுங்க. அந்த எண்ணிக்கை எங்கே குறைவோ, அந்தத் தீவுதான் உங்களுக்கான தீவு.

வேன் டூர் புத்தி

நாம் வளர்ந்ததே வேன் டூரில். ராத்திரி கிளம்பினால் விடியற்காலை திருச்செந்தூர், மத்தியானம் கன்னியாகுமரி, சாயங்காலம் சுசீந்திரம், மறுநாள் வீடு. கும்பகோணம் பக்கம் போனால் ஒன்பது நவக்கிரகக் கோயிலும் ஒரே நாளில். அதில் தப்பே இல்லை. ரோடு இருக்கிறது, வண்டி நம்முடையது, பெட்டி வண்டியிலேயே இருக்கிறது. ஒரு இடம் கூடுதலாகச் சேர்த்தால் அரை மணி நேரமும் கொஞ்சம் டீசலும்தான் கூடுதல்.

அதே புத்தியோடு தீவுக்குப் போகிறோம், அங்கேதான் அடிபடுகிறோம். எங்க ஊர் சங்கரநாராயணர் சன்னதியில் நின்ற இடத்திலேயே சங்கரனையும் நாராயணனையும் சேர்த்துப் பார்த்துடலாம். தீவுகள் அப்படி இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ரூமைக் காலி பண்ணணும், பெட்டி கட்டணும், ஆட்டோ பிடிச்சு ஜெட்டிக்குப் போகணும், கப்பலுக்கு முன்கூட்டியே போய் வரிசையில் நிற்கணும், கடலைக் கடக்கணும், அந்தப் பக்கம் மறுபடி ஆட்டோ, புது ரூம். கடல் பயணம் ஒன்றரை மணி நேரம்தான் என்று டிக்கெட்டில் இருக்கும். உங்கள் நாளில் பாதி போயிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

அந்தமானையே எடுத்துக்கலாம். மூன்று நாள் லீவு போட்டு, சனி ஞாயிறையும் சேர்த்தால் ஐந்து நாள். செவ்வாய் சாயங்காலம் இங்கே பொதிகை ஏறினால் புதன் காலை சென்னை. அங்கிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2024 செப்டம்பரில் அந்த ஊர் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. நம் ஆட்கள் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள். புதன் போய்ச் சேர, ஞாயிறு திரும்ப. உங்கள் கையில் இருப்பது வியாழன், வெள்ளி, சனி. மூன்றே நாள்.

பேக்கேஜ்காரர்கள் தருகிற வழக்கமான பிளான்: போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல். 2018 டிசம்பரில் இருந்து ஹேவ்லாக்கின் பெயர் ஸ்வராஜ் தீவு, நீல் தீவின் பெயர் ஷஹீத் தீவு. போர்ட் பிளேரில் இருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், நீலில் இருந்து மறுபடி போர்ட் பிளேர். மூன்று தடவை கடல் தாண்டணும். ஒவ்வொன்றும் அரை நாள். மூன்று நாளில் ஒன்றரை நாள் கப்பலுக்கே போச்சு. மிச்சம் ஒன்றரை நாளை மூன்று தீவுக்குப் பங்கு போட்டால், தலைக்கு அரை நாள். மூன்று தீவில் செல்ஃபி இருக்கும். ஒரு தீவிலும் கடலில் நிம்மதியாக ஒரு மணி நேரம் கிடந்திருக்க மாட்டீங்க.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கு. அந்தமான் நமக்கு ரொம்பக் கிழக்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் நம் நேரம்தான். அதனால் டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மத்தியானக் கப்பலில் போய் மூன்றரைக்கு ரூம் எடுத்தால், அன்றைய கடற்கரை அவ்வளவுதான்.

இப்போ ஹேவ்லாக் மட்டும் என்று வையுங்க. இரண்டு தடவை கடல் தாண்டினால் போதும், ஒரு நாள் செலவு. மிச்சம் இரண்டு முழு நாள் ஒரே தீவில். ராதாநகர் கடற்கரையில் ஒரு சாயங்காலம், எலிஃபண்ட் பீச்சில் ஒரு காலை, காலாபத்தரில் ஒரு விடியல், நடுவில் ஒரு மத்தியானத் தூக்கம்.

பணமாகப் பார்ப்போம். கைக்கு வருகிற சம்பளம் 44,000, வேலை நாள் 22 என்றால் உங்கள் ஒரு நாள் 2,000 ரூபாய். அரை நாள் 1,000. தனியார் கப்பல் டிக்கெட் ஒரு வழிக்கு ஆயிரத்துக்கு மேல். இரண்டு பக்கமும் ஆட்டோ. ஒரு தடவை கடல் தாண்ட ஒருவருக்கு 2,500-க்கு அருகில் வரும், தம்பதியாகப் போனால் 5,000. "நீல் தீவையும் சேர்த்துடலாம் சார், ஒரு நைட்தானே" என்கிற அந்த ஒரு வரியின் விலை இது. பேக்கேஜ் பேப்பரில் இது தனி வரியாக வராது. அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை.

நீல் தீவு நல்ல தீவு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து நாள் லீவு போட்டு, முன்னும் பின்னும் வருகிற சனி ஞாயிறோடு ஒன்பது நாள் கையில் இருந்தால் தாராளமாகப் போங்க. மூன்று நாள் லீவுக்கு அது ஆடம்பரம்.

இன்னொன்று, எந்த பிளானாக இருந்தாலும் கடைசி ராத்திரி போர்ட் பிளேரில் தங்குங்க. கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. பணம் திரும்பி வராத விமான டிக்கெட்டையும் அதே நாள் காலைக் கப்பலையும் ஒன்றாக நம்புவது, ஸ்டாப் லாஸ் போடாமல் டிரேடிங் பண்ணுவது மாதிரி.

ஒரே ரூம், பல தீவு

ரூமை எண்ண ஆரம்பித்தால் வேறு சில ஊர்களும் கண்ணில் படும்.

நம் பக்கத்தில் யாழ்ப்பாணம். சென்னையில் இருந்து விமானம் உண்டு. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் ஆரம்பித்து, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. வானிலையைப் பொறுத்து அது ரத்தாகும், அதையும் மனதில் வையுங்க. யாழ் நகரத்தில் ஒரே ஒரு ரூம் போடுங்க. வேலணை, புங்குடுதீவு இரண்டுக்கும் கடல் நடுவே போட்ட ரோட்டிலேயே போயிடலாம். புங்குடுதீவின் குறிகட்டுவான் ஜெட்டியில் படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் நயினாதீவு, நாகபூசணி அம்மன் கோயில். அதே ஜெட்டியில் இருந்து இன்னொரு நாள் நெடுந்தீவு: பவளப்பாறைக் கல்லால் கட்டின வேலிகள், காட்டுக் குதிரைகள். நான்கு தீவு பார்த்தாச்சு, பெட்டி ஒரு தடவைகூட நகரவில்லை. பேச்சும் தமிழ், சாப்பாடும் நமக்கு ஒத்துப்போகும். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் முன்னால் ஒரு தடவை பார்த்துடுங்க.

அடுத்து லட்சத்தீவு. 36 தீவுகள், மக்கள் வசிப்பது பத்தில் மட்டும். போக அனுமதிச் சீட்டு கட்டாயம். கொச்சியில் இருந்து அகத்திக்கு விமானம், இல்லையென்றால் கப்பல். சமுத்திரம் என்று அரசுத் தரப்பு பேக்கேஜ் ஒன்று உண்டு. அதில் ராத்திரி கப்பலிலேயே தூங்கணும், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று இறங்கிப் பார்க்கணும். நீங்க தூங்கும்போது ரூமே அடுத்த தீவுக்குப் போகிறது, உங்கள் பகல் வீணாவதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அவர்கள் தருகிற தேதிக்கு உங்கள் மேனேஜர் லீவு தரணும். தேதியில் வளைந்து கொடுக்க முடிந்தவர்களுக்குத்தான் லட்சத்தீவு. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

மாலத்தீவுக்கு இந்தியர்களுக்கு விசா கட்டணம் கிடையாது, இறங்கியதும் 30 நாள் தருவார்கள். ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தீவு, ஒரு ரிசார்ட். ரூம் மாறும் பிரச்சினையே இல்லை, பிரச்சினை பில்லில். ஏர்போர்ட்டில் இருந்து ரிசார்ட்டுக்கு சீப்ளேன் என்றால் ஒருவருக்குப் போக வர சில நூறு டாலர். 2025 ஜூலையில் இருந்து சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம், அதன் மேல் சர்வீஸ் சார்ஜ். கிரீன் டாக்ஸ் 2025 ஜனவரியில் இருந்து இரட்டிப்பு: ரிசார்ட்டில் ஒருவருக்கு ஒரு ராத்திரி 12 டாலர், சின்ன கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். திரும்பும்போது எகானமி டிக்கெட்டுக்கு 50 டாலர் புறப்பாட்டு வரி, பெரும்பாலும் டிக்கெட்டோடு சேர்ந்தே வந்துவிடும். சம்பளக்காரர்களுக்கு என் யோசனை, மாஃபுஷி மாதிரி மக்கள் வசிக்கிற தீவில் கெஸ்ட் ஹவுஸ். மாலேயில் இருந்து ஸ்பீட் போட்டிலேயே போகலாம். அங்கே ஒரே ரூமில் நான்கு ராத்திரி தங்கி, பகலில் மணல்திட்டுக்கும் பவளப்பாறைக்கும் போய்விட்டு வாங்க.

"கிரீஸ் போகணும் சார், சான்டோரினி" என்கிறவர்களும் உண்டு. போங்க, நல்ல ஆசைதான். ஷெங்கன் விசா கட்டணமே 2024 ஜூனில் இருந்து 90 யூரோ, தராவிட்டாலும் திரும்பி வராது. அங்கேயும் ஏழு நாளில் ஏதென்ஸ், மிக்கோனோஸ், சான்டோரினி என்று அடுக்குகிற பேக்கேஜ்தான் அதிகம். கணக்கு அதேதான், அரை நாளின் விலை மட்டும் யூரோவில்.

வரி விஷயம், சுருக்கமாக

உங்கள் சம்பளத்தில் எல்டிஏ இருக்கிறதா, நீங்கள் பழைய வரி முறையிலா என்று முதலில் பாருங்க. இரண்டும் ஆமாம் என்றால் அந்தமான், லட்சத்தீவு விமானக் கட்டணத்துக்கு விலக்கு கேட்கலாம். கட்டணத்துக்கு மட்டும்தான், ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. லீவு போட்டுத்தான் போயிருக்கணும், போர்டிங் பாஸை பத்திரமா வையுங்க. உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவின் டிக்கெட்டும் இதில் அடங்கும். நான்கு வருஷ பிளாக்கில் இரண்டு பயணம். இப்போது ஓடுவது 2026 முதல் 2029 வரை. போன பிளாக்கில் ஒன்றை விட்டிருந்தால் அதை 2026-க்குள் பயன்படுத்தலாம். புதிய வரி முறையில் இந்த விலக்கு கிடையாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த முறையிலும் கிடையாது.

வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள். 2020 அக்டோபரில் 5 சதவீதத்தில் ஆரம்பித்தது, பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. வாங்குகிற அன்று என்ன ரேட் என்று கேட்டுக்குங்க. இது தொலைந்த பணம் இல்லை. உங்கள் பான் நம்பரில் ஏறும், ரிட்டர்னில் கழித்துக்கலாம். 2024 அக்டோபரில் இருந்து உங்கள் கம்பெனியிடம் சொல்லி சம்பள டிடிஎஸ்ஸிலேயே சரி பண்ணவும் வழி இருக்கு. ஆனால் பேக்கேஜ் ஏஜென்ட் கையில் காசு கொடுக்கும் அன்று அந்தத் தொகையும் உங்களிடம் இருக்கணும். பட்ஜெட் போடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

கடன் வாங்கிப் போகாதீங்க

இரண்டு பேர் டிரிப்புக்கு 80,000 என்று வைப்போம். 14 சதவீத பர்சனல் லோன், ஒரு வருஷம்: மாதம் 7,183 ரூபாய் இஎம்ஐ. மொத்தம் கட்டுவது 86,200 அளவில். 2 சதவீத பிராசஸிங் ஃபீஸும் அதன் ஜிஎஸ்டியும் சேர்த்தால் 88,000 தாண்டும். அதே டிரிப்பை ஒரு வருஷம் தள்ளிப் போட்டு, மாதம் 6,500 ஆர்.டி. போட்டால், 6.5 சதவீதத்தில் வருஷக் கடைசியில் 80,700 அளவில் கையில் இருக்கும். நீங்கள் போட்டது 78,000. வித்தியாசம் பத்தாயிரம். நீல் தீவில் இரண்டு ராத்திரி கூடுதலாகத் தங்கியிருக்கலாம்.

இதைவிட மோசம், கடன் வாங்கிப் போனவருக்கு அடுத்த வருஷ லீவு வரும் வரைக்கும் போன வருஷ டிரிப்பின் இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும்.

"ஒரே தடவைதானே போறோம் சார்"

என் வாதத்துக்கு எதிராக வருகிற நியாயமான பேச்சு இதுதான். நம் வீட்டில் பலருக்கு விமானப் பயணமே முதல் தடவை. மறுபடி எப்போ வாய்க்குமோ, வந்ததுக்கு எல்லாத்தையும் பார்த்துடணும் என்ற தவிப்பை நான் குறை சொல்லமாட்டேன். தறியில் நின்று பிள்ளையைப் படிக்க வைத்த அப்பாவுக்கு மூன்று தீவு காட்டணும் என்று ஒரு பையன் நினைத்தால் அதில் அன்புதான் இருக்கிறது.

ஆனால் அந்த அப்பாவுக்கு அறுபது வயது. ஆடுகிற படகில் இருந்து ஜெட்டிப் படியில் கால் வைக்கணும். கப்பல் குலுங்கினால் வாந்தி வரும். காலை ஐந்தரைக்கு எழுப்பி "கிளம்புங்கப்பா, கப்பல் போயிடும்" என்பீங்க. அவருக்கு மூன்று தீவு காட்டுகிறீங்களா, மூன்று ஜெட்டி காட்டுகிறீங்களா?

அப்பா அம்மாவோடு போனால் என் சிபாரிசு, போர்ட் பிளேரில் மட்டும் ரூம். காலையில் செல்லுலார் ஜெயில். 1906-ல் கட்டி முடித்தது. அந்தச் சின்ன அறைகளைப் பார்த்துவிட்டு அவர்களே ரொம்ப நேரம் பேச மாட்டார்கள். இன்னொரு நாள் பக்கத்திலேயே இருக்கிற ராஸ் தீவு, கொஞ்ச நேரப் படகுதான்; மரவேர் பிடித்துக்கொண்ட வெள்ளைக்காரன் கட்டடங்கள். தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிற ஊர், முருகன் கோயிலும் இருக்கு. மத்தியானம் ரூமுக்கு வந்து படுக்கலாம்.

ஒரே தடவைதான் போகப்போறோம் என்பது உண்மையானால், அந்த ஒரு தடவையை அவசரத்தில் செலவு பண்ணாமல் இருக்க அதுவே காரணம்.

முடிவா என்ன பண்ணணும்?

முதலில் போக வர ஆகிற நாளைக் கழித்துவிட்டு, மிச்சம் எத்தனை முழு நாள் என்று பேப்பரில் எழுதுங்க. மூன்று நாள் வரை என்றால் ஒரே தீவு. நான்கு, ஐந்து நாள் என்றால் அதிகபட்சம் இரண்டு ரூம். ஆறுக்கு மேல் இருந்தால் மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம். பிறகு யார் கூட வருகிறார்கள் என்று பாருங்க, பிறகு சீசன். பணம் கடைசியில். அந்தப் பணமும் ஆர்.டி.யில் இருந்து வரணும்.

ஏஜென்ட் தருகிற பேப்பரில் ஒவ்வொரு ரூம் மாற்றத்துக்கும் சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்க. மூன்று நாள் பிளானில் மூன்று கோடு விழுந்தால், அந்தப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துடுங்க. "தம்பி, ஒரு தீவைக் குறைச்சுட்டு ஒரு ராத்திரியைக் கூட்டு" என்று சொல்லுங்க. ரேட்டும் குறையும்.